மூச்சு விடாதவன்

மைனாட்டைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரம்.
முன்சக்கரம் ஒன்று பள்ளத்தில்.
மூன்றாவது தடவை.
"ஊதுங்க, வெர்லின்."
அதிகாரி பிரெக்கி. போன தடவையும் இவள்தான்.
அப்போது ஊதினான், எண் வந்தது,
எண்ணின் பின்னால் இருபது நாள் சிறை வந்தது.
இன்று உதட்டை இறுக்கிக்கொண்டு
தலையை மட்டும் ஆட்டினான்.
மறுத்தாலும் உரிமம் போகும் என்று
அட்டையைப் பார்த்து வாசித்தாள்.
அவனுக்கு அது மனப்பாடம்;
அவள் விட்டுவிட்ட வரியை
எடுத்துக்கொடுத்தான்.

பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
சொன்ன ஒவ்வொரு சொல்லும்
வெள்ளையாய் வெளியே வந்து
டார்ச் வெளிச்சத்தில் கொஞ்சம் நின்றது.
இருவரும் பார்த்தார்கள்.

பிக்கப்புக்குள் அவன் நாய்
கண்ணாடி முழுக்கத்
தாராளமாக ஊதிக்கொண்டிருந்தது.

விலங்கைப் பூட்டிவிட்டு
அதன் பெயரைக் கேட்டாள்.