மடிவாய்

மாதச் சுகயீனம் கடைசியாய் வந்த நாளைக் கேட்டா மிஸ்.
சிவராத்திரிக்கு மறுநாள் என்றேன்.
பதினேழு கிழமை என்று எழுதினா,
கீழே, சிவப்பில், வேறொன்றும்.

கழுத்தில் ஒரு வெள்ளை, என்றார் டொக்டர் ஹேரத்.
கை தானாய்த் தாலிக்குப் போனது.
இல்லையம்மா, கருப்பைக்கும் கழுத்து இருக்கு.
முப்பத்து மூன்று வருடம் அதோடு இருந்திருக்கிறேன்,
ஒருவரும் சொல்லவில்லை.

வினாகிரி தொட்டுப் பார்த்தார்களாம்.
கெட்டது இருந்தால் வெளுக்கும்.
ஊறுகாய் என்று மட்டுமே நான் அறிந்த மணம்
அந்தத் திரைக்குள் வேறு மணமாயிற்று.

கிள்ளி எடுத்த துணுக்கு போதவில்லை.
இனி லேசரால் கூம்பாய் ஒரு துண்டு,
பெருவிரல் நுனியளவு.
எடுத்தால்தான் தெரியும் எதுவரை என்று.
எடுத்தால் வாய் தளரவும் கூடும்.
பிள்ளை பிறக்கட்டும் என்று விடவும் ஏலாது,
வெள்ளை அப்படி.

கையெழுத்து வைக்கமுன் சுபாகரன் ஒன்று கேட்டான்:
"மடியின்ர வாயில நூல் அறுந்தா
மீனெல்லாம் போயிடும், டொக்டர்.
இதுக்குக் கட்டு இருக்கா?"
சல்லிக் கரைவலையில் மடி கட்டுகிறவன் அவன்.
டொக்டர் சிரிக்கவில்லை.
தேவைப்பட்டால் தைப்போம் என்றார்.

அறைக்குள் எல்லோருக்கும் கண்ணாடி.
எனக்கும் ஒன்று மாட்டினா பர்வீனா மிஸ்.
உள்ளே இருக்கிறதுக்கு யார் மாட்டுவது
என்று கேட்க நினைத்தேன்.
கேட்டுவிட்டேன் போல.
அவ என் கையைப் பிடித்தா, விடவேயில்லை.
இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
ஒளியையும் காணவில்லை.
முடி கருகிய மாதிரி ஒரு புகை,
அதை உறிஞ்சும் குழாயின் இரைச்சல்.

துண்டு போத்தலில் கொழும்புக்குப் போனது.
என் உடம்பில் கொழும்பு பார்த்த பகுதி
அதுதான்.

பதினொரு நாள் கச்சான் காற்று.
ஆஸ்பத்திரி மதிலோரம் மான்கள்
மருந்துக்கடை உறைகளைத் தின்றன.
ஒன்றுக்கு வயிறு தொங்கியது.
கிளினிக் அட்டை இல்லாமல்
வெயிலில் நின்றது.

ரிப்போட்டில் முழுக்க ஆங்கிலம்.
மிஸ் விரல் வைத்துக் காட்டினா:
"விளிம்பில இல்ல."
பிறந்த பிறகு திரும்பவும் பார்க்கவேணுமாம்.
அது மாரி. அப்போது பார்ப்போம்.

இருமவும் பயந்து படுத்திருந்த இரவு
அடிவயிற்றில் ஒரு துள்ளல்,
மடிக்குள் ஒற்றைச் சூடை புரண்டதுபோல்.
வாயுவாகவும் இருக்கலாம்.
அவனை எழுப்பவில்லை.
விடிய நாலுக்கு வலை.