வெள்ளை அட்டை

மின்வாரியத்தில் கணக்கெடுப்பாளன் நான்.
சூளகிரிப் பிரிவில் ஆயிரத்து நானூறு மீட்டர்கள்
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என் முகம் பார்க்கும்.
நாய் இருக்கும் வீடு,
பில் தொகை கேட்டு நாயைவிடக் குரைக்கும் வீடு,
எல்லாம் தெரியும்.

தொட்டேரிக் கரையில், தகரக் கொட்டகைக்குள்
இருக்கும் மீட்டர் மட்டும்
போன சித்திரைக்குப் பிறகு வந்தது.
பதினைந்து குதிரைத்திறன். பெயர்: மீன் குத்தகை.
மீன் எங்கே என்று நான் கேட்டதில்லை.
வாசலில் ஏழு டேங்கர் வரிசை கட்டி நிற்கும்போது
கேட்கிற கேள்வியா அது.
எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன்.

என் வீடு ஏரிக்கு இந்தப் பக்கம்,
கிழக்குப் பார்த்த மனை, ஆயிரத்து இருநூறு சதுர அடி.
இருபது வருடக் கடன். இது ஆறாவது வருடம்.
ஆடியில் ஒரு காலை
படுக்கையறைச் சுவரில் ஒரு கோடு.
பென்சிலால் கிறுக்கிவிட்டாள் என்று
தனுஜாவைத் திட்டினேன்.
பாவம், ரப்பரால் அழித்துப் பார்த்தாள்.

மேஸ்திரி சாக்கப்பன் வந்து
சுண்டுவிரல் நகத்தை உள்ளே விட்டுப் பார்த்தார்.
"என் கலவையில குத்தமில்ல சார்.
கீழ இருக்கறது ஏரிக் களி.
தண்ணி குடிச்சிட்டுக் கம்முனு படுத்திருந்துச்சு.
இப்ப வாய் வறண்டு சுருங்குது.
நீங்க அது முதுகு மேல உக்காந்திருக்கீங்க."

கிராம நிர்வாக அலுவலர்
கலவையில்தான் குற்றம் என்றார்.
வங்கியில், பூகம்பமா என்று கேட்டார்கள்.
இல்லை என்றேன்.
அப்படியென்றால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையாம்.

அதற்குப் பிறகு வீட்டிலும் ரீடிங் எடுக்கிறேன்.
விரிசலின் குறுக்கே மகளின் ஸ்கேல்.
பக்கத்தில் ஆணியடித்து மாட்டிய
பழைய வெள்ளை அட்டை.
ஆவணி: இரண்டு மில்லிமீட்டர். ஐப்பசி: நாலரை.
கொட்டகையில்,
ஆவணி: ஒன்பதாயிரத்துச் சொச்சம் யூனிட்.
ஐப்பசி: பதினோராயிரம் தாண்டி.
இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க
என் ஒருவனால்தான் முடியும்.
அலுவலக எண்ணை வெளியே சொல்லக் கூடாத
ஒருவனும் நான்தான்.

லைன்மேன் திம்மராயன் சொன்னான்,
"ஒரு வார்த்தை சொல்லுண்ணா,
பியூஸைப் புடுங்கிடறேன்."
நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
அன்று ராத்திரி பதினொன்றரைக்கு மோட்டார் நின்றது.
இத்தனை நாள் அந்தச் சத்தத்துக்குள்தான் தூங்கினோம் என்று
அப்போதுதான் தெரிந்தது.
அது போன இடத்தில்
சுவருக்குள் எதுவோ நெட்டி முறித்தது.
நானும் கேட்டேன், யசோதாவும் கேட்டாள்.
இரண்டு பேரும் தூங்குவதுபோல் கிடந்தோம்.
காலையில் புகார் பதிவாகியிருந்தது.
பத்து மணிக்குத் திம்மராயனே போய்
மாட்டிவிட்டு வந்தான்.

தையில் எங்கள் போர் காற்றைக் கக்கியது.
எழுநூற்று இருபது அடி.
(அதைத் தோண்டியபோது பக்கத்து வீட்டுக் கிணறு
எங்கே போனதென்று நானும் கேட்கவில்லை.)
யசோதா என்னைக் கேட்காமல்
டேங்கருக்குப் போன் போட்டாள்.
தொள்ளாயிரம் ரூபாய்.
தொட்டியில் விழுந்த தண்ணீரில் பாசி வாடை.
மூடியைத் தூக்கிப் பார்த்த தனுஜா கத்தினாள்:
"அப்பா, மீனு!"
கட்டைவிரல் நீளத்தில் ஒரு கெண்டைக் குஞ்சு.
குத்தகைக்காரர் பொய் சொல்லவில்லை.

ஏரியிலேயே விடலாம் என்றாள்.
குண்டாவில் எடுத்துக்கொண்டு போனோம்.
கரையிலிருந்து தண்ணீருக்கு
நடக்க நிறைய இருந்தது.
பாளம் பாளமாய் வெடித்த தரை.
என் கை தன்னால் பையைத் துழாவி
ஸ்கேலை எடுத்தது.
ஒரு வெடிப்பில் விட்டேன்.
முப்பது சென்டிமீட்டரும் இறங்கியது.
அடி தட்டவில்லை.

குண்டாவைத் தளும்பாமல் பிடித்தபடி
தனுஜா நின்று கேட்டாள்,
"எவ்ளோப்பா?"

அட்டை கொண்டு வரவில்லை என்றேன்.