பனிப்பதம்

வியாழனிலிருந்து வாய் கட்டியிருந்த மணிக்கு
நேற்று நள்ளிரவில் நாக்கு வந்தது.
திரைக்குப் பின்னால் கயிறு இழுக்கும்
சூசைமாணிக்கம் இந்த வருஷமும் அவசரப்பட்டார்.
சாமியார் "உன்னதங்களிலே" எடுக்குமுன்
ஆண்டவர் எழுந்து,
கையில் கொடியோடு
பாதி உயரத்தில் நின்று ஆடினார்.
வெடிச்சத்தத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பூசை முடிந்தபோது மணி இரண்டேகால்.
நாற்பது நாள் கவிச்சி தொடாத ஊர்
கறிக்கடை வாசலில் செருப்பை வரிசை போட்டது.
எங்கள் செருப்புகளையும் அங்கே விட்டுவிட்டு
நாங்கள் ஆறு பேர் வெறுங்காலோடு,
திரியை அணைக்காமல்
ஆற்றுக்குள் இறங்கினோம்.

வெண்ணாற்றில் தண்ணீர் இல்லை.
மேட்டூர் திறந்தால்தான் அதற்கு உயிர்.
மணலில் இறங்கி மணலில் ஏறினால்
ரைஸ்மில்காரர் வயல்.
சம்பாத் தாளுக்குள் தெளித்த உளுந்து
முற்றி நிற்கிறது.
வெயிலில் தொட்டால் நெற்று வெடிக்கும்,
பாதி மண்ணுக்கு, பாதி காடைக்கு.
பனிப்பதம் இருக்கும்போதே பிடுங்கிப் போட வேண்டும்.
உயிர்த்த ஞாயிறு என்று உளுந்துக்குத் தெரியாது.

"அந்தப் பொம்பளைங்களும்
இந்த இருட்டுலதானே போனாங்க?"
என்றாள் லூர்துமணி.
ஆமாம். தைலக் கிண்ணத்தோடு,
கல்லை யார் புரட்டுவார் என்று பேசிக்கொண்டே.
ஆம்பிளைகள் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு
உள்ளே இருந்தார்கள்.
"பயந்திருக்க மாட்டாங்க, தூங்கியிருப்பாங்க"
என்றாள் அடைக்கலம்.
சிரித்ததில் அவள் திரி அணைந்தது.
என் திரியில் பற்றவைத்துக்கொண்டாள்.

எனக்கு அந்தக் கதையில் இடறுவது
ஒரு துணி.
கல்லறையில் உடம்பில்லை, சரி.
தலையில் சுற்றியிருந்த துண்டு மட்டும்
தனியே சுருட்டி வைத்திருந்ததாம்.
சாவிலிருந்து எழுந்தவருக்கு
அதற்கும் நேரம் இருந்திருக்கிறது.
தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில்
இவர் போன அன்று நர்ஸ் கொடுத்த பையில்
சட்டை கசங்கிக் கிடந்தது.
நான்தான் மடித்தேன்.
வீட்டுக்கு வந்து
பிரித்து மறுபடி மடித்தேன்.
இரண்டு வருஷமாக மடிக்கிறேன்.

சாயங்காலம் தேர்.
உயிர்த்தவர் மேலத்தெரு, கடைத்தெரு சுற்றிக்
கொடிமரத்தடியில் திரும்பிவிடுவார்.
எங்கள் தெரு முனையில் இருக்கும் மதகுப்பாலம்
தேர்ச் சக்கரத்துக்குக் குறுகலாம்.
அதில் நெல் லாரி வருகிறது.
தண்ணீர் டேங்கர் வருகிறது.
கல்லை யார் புரட்டுவார்?

நாலாவது பாத்தியில் நிமிர்ந்தபோது
வரப்பில் ஒருவர் நின்றார்.
இருட்டு முழுதாகப் பிரியவில்லை.
தலையில் துண்டு, தோளில் மண்வெட்டி.
எனக்கு நெஞ்சு ஒரு நிமிஷம்...
சொன்னால் சிரிப்பீர்கள்.
அவள் ஆண்டவரைப் பார்த்துத்
தோட்டக்காரர் என்று நினைத்தாள்.
எனக்கு அது தலைகீழாக நடந்தது.

"குழந்தைத்திரேசா" என்றார்.

முழுப் பேர்.
ஞானஸ்நான ஏட்டில் இருக்கிற பேர்.
தெருவுக்கு நான் இருதயத்தின் பொண்டாட்டி,
இருதயம் போன பிறகும் அதேதான்.
"வாழைக்கு மோட்டார் போடப்போறேன்.
வரப்போரம் பாம்பு கெடக்கும், பாத்து."
போர்செட்டுக் கலியமூர்த்தி.
நூறுநாள் வேலை அட்டையில்
என் பேரைப் படித்திருப்பார்.
ஆனாலும் கூப்பிட்டார்.

பிறகு வாய்க்காலில் தண்ணீர் வரும் சத்தம்,
காய்ந்த சருகைத் தள்ளிக்கொண்டு,
முதலில் காற்றைப்போல.

அவர் உங்களுக்கு முன்னே
கலிலேயாவுக்குப் போய்விட்டார் என்றானாம்
வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருந்த பிள்ளை.
அது கோயில் இருந்த ஊரில்லை.
வலை காய்ந்த ஊர்.
அவர்கள் தினம் வேலைக்குப் போன இடம்.
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.
அந்தப் பெண்களும் முதலில்
யாரிடமும் சொல்லவில்லையாம்.

பொழுது ஏறியது.
குவியலின் மேலிருந்த நெற்று ஒன்று
படக்கென்று திறந்துகொண்டது.
ஆறு மணி எங்கோ தெறித்தது.
உள்ளே பார்த்தேன்,
வெறும் தோல், சுத்தமாக.

"செருப்பு வரிசையில இருக்குமா,
தள்ளிவிட்டிருப்பானுங்களா?"
என்றாள் லூர்துமணி.
தலைத்துண்டை அவிழ்த்து உதறினேன்.