வாலிநோக்கத்தில் ஒரு புள்ளி

கடை ஷட்டருக்கு மேலே, மழை படாமலிருக்க
ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் கவிழ்த்து
அதற்குள் மாட்டியிருக்கிறேன்.
விரல் நீளக் கண்ணாடிக் குழாய்,
யாரோ திரும்ப வாங்க வராத போனின் பேட்டரி,
நானே வைத்த ஈயப் பற்றுகள்.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
உலக வரைபடத்துக்கு ஓர் எண் போகிறது.

0.11. 0.12. 0.11.

சாயல்குடிக்கும் ஏர்வாடிக்கும் நடுவே
வேறு யாரும் இல்லாத கரையில் ஒற்றை நீலப் புள்ளி.
பெரிதாக்கினால் உப்பளம் தெரியாது,
பள்ளிவாசல் தெரியாது, புள்ளிதான் பெரிதாகும்.

"கூடங்குளத்துக்காகவா?" என்றார் ஐஸ் பேக்டரிக்காரர்.
"இல்ல மாமா, சும்மா."
சும்மா என்பது பொய் இல்லை.
மேசைக்கருகே 0.12, சமையல் மேடைக் கிரானைட்டில் 0.19.
சிக்கந்தர் ஒருநாள் வள்ளத்தில் கொண்டுபோனான்.
கரை மறைந்ததும் 0.04க்கு இறங்கிவிட்டதாம்.
"ரிப்பேரு லாத்தா" என்று திருப்பித் தந்தான்.
ரிப்பேர் இல்லை.
நம் காலுக்குக் கீழே கல்லும் மண்ணும்
ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டிருக்கின்றன.
தண்ணீர் அதன் வாயைப் பொத்துகிறது.
மிச்சம் கேட்பது பெரும்பாலும் வானம்.

வைகாசியில் மர்லியாவுக்குக் கழுத்தில் கத்தி வைத்தார்கள்.
அதன்பின் மதுரையில் சொன்னார்கள்:
மாத்திரைக்கு முன் இரண்டு வாரம்
கடலிலிருந்து வந்த எதுவும் கூடாது.
மீன் கூடாது. கருவாடு கூடாது. கடலுப்பு கூடாது.
வாசலைத் திறந்தால் உப்புமேடு நிற்கிற ஊரில்
உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டு
"தண்ணியில தண்ணி ஊத்துன மாதிரி இருக்கு" என்றாள்.

ஈயப் பெட்டியிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தவர்
கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டாராம்.

மூன்றாம் நாள் என் கடைக்குப் பின்னறைக்கு வந்தாள்.
தனித் தட்டு, தனி டம்ளர்,
கக்கூஸில் இரண்டு முறை தண்ணீர்.
பிள்ளை ஷிபா அடுத்த தெருவில் அத்தாவிடம்.
வீடியோவில் திரையை நக்குகிறாள்.

நான் மறந்துபோனேன், சுவருக்கு இந்தப் பக்கம் கருவி.

3.84.

நீலம் பச்சையாகி, மஞ்சளாகி,
மதியத்துக்குள் வாலிநோக்கம் சிவந்தது.
டப்பாவுக்குள் எண்ணெய்ச் சட்டியில் கடுகு.
எவரெவரோ எழுதினார்கள்.
ஒருவர் காற்றின் திசை கேட்டார்.
ஒருவர் பழைய கப்பல் உடைத்த இடமா என்றார்.
நார்வேயில் ஒருவர் மிக மரியாதையாக:
உங்கள் கருவி பழுதாகியிருக்குமோ?

ஒயரைப் பிடுங்கக் கை போனது.
பிடுங்கினால் அந்த ஒரு வாரம் வரைபடத்தில்
அவள் இல்லாமலே போய்விடுவாள்.
விட்டுவைத்தால்
என் தங்கையின் தொண்டை ஊரின் பெயரில் எரியும்.

பின்னறையிலிருந்து கேட்டாள்,
"லாத்தா, என்னப் பத்தி அது என்ன சொல்லுது?"
"நீ சத்தமா இருக்கேன்னு சொல்லுது."
சிரித்தாள். தையல் இழுத்ததும் நிறுத்தினாள்.

எட்டு நாளில் பாதி என்கிறது கணக்கு.
உடம்புக்கு அவசரம் அதிகம்.
1.60. 0.71. 0.38.
இரவில் கடையைச் சாத்திவிட்டு
சுவரில் காது வைத்துப் படுத்திருப்பேன்.
அந்தப் பக்கம் அவள் இருமல்,
இந்தப் பக்கம் அவள் டிக், டிக்.
சின்ன வயதில் ஒரே பாயில் படுத்தபோதுகூட
இவ்வளவு கவனமாக அவளை நான் கேட்டதில்லை.

நார்வேக்காரருக்குப் பதில் எழுதினேன்:
கருவி சரியாக இருக்கிறது.
பக்கத்து அறையில் ஒருவர் குணமாகிக்கொண்டிருக்கிறார்.
பெயர் எழுதவில்லை.
மறுநாள் அவரிடமிருந்து ஒரு சொல்கூட இல்லை,
ஒரு கட்டைவிரல் மட்டும்.

மருத்துவர் சொன்ன தேதிக்கு ஒரு நாள் கழித்தே
ஷிபாவைக் கூட்டிவந்தேன்.
உள்ளே ஓடவில்லை.
வாசலில் நின்று டப்பாவை அண்ணாந்து பார்த்து
"பூச்சி" என்றாள்.
தாய் மடியில் ஏறி உட்கார
சாயங்காலம் வரை யோசித்தாள்.

இரவு நெத்திலிக் குழம்பு.
மர்லியா உப்பை இன்னொரு முறை கேட்டாள்,
இன்னொரு முறையும்.

0.12.

பூஜ்யத்துக்கு அது ஒருநாளும் இறங்கியதில்லை.