குறுக்குக் காற்று

ஸ்டாங்கருக்கு வடக்கே
கரும்புக்கு நடுவில் ஒரு புல் ஓடுதளம்.
தலைமாட்டில் தகரக் கொட்டகை,
கால்மாட்டில் ஆலைக்குப் போகும் ரயில்பாதை.
காற்றுப்பை கிழிந்து மூன்று மாதம்;
அது காட்டும் திசையைப் பாதிதான் நம்புவோம்.

அன்று கடற்பக்கமிருந்து அடித்தது.
நண்டுபோல்தான் வந்தேன்,
மூக்கு ஒரு திசை, போக்கு ஒரு திசை.
சக்கரம் புல்லைத் தொடும் கணத்தில்
இடது காலால் உதைத்து நிமிர்த்த வேண்டும்.
முந்தினால் காற்று இழுத்துப் போகும்,
பிந்தினால் சக்கரம் ஒடியும்.
நடுவில் இருப்பது ஒரு தும்மல் நேரம்.

முப்பதடி உயரத்தில்
வலது இறக்கை துள்ளியது.
விட்டுவிடு, ஏறு, இன்னொரு சுற்று என்றது ஏதோ.
இன்னொரு சுற்றுக்கு ஐந்து லிட்டர் என்றது வேறேதோ.
மருந்துக்கடைக்காரி நான்,
சில்லறை எண்ணியே காய்த்த கை.

உதைத்தேன்.
முந்திவிட்டேன்.

அப்புறம் கரும்பு. கரும்பு. கரும்பு.
தோகைகள் கண்ணாடியில் அறைந்து அறைந்து
ஓய்ந்தபோது
புரொப்பெல்லரின் இரண்டு அலகும் பின்னால் மடங்கியிருந்தன,
அடிவாங்கிய நாயின் காதுகள்.

வெட்டுக்கத்தியோடு ஓடி வந்த டுமிசானி
கதவைப் பிடுங்கித் திறந்து அலறினான்.
என் சட்டையெல்லாம் சிவப்பு.
எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது,
பிறகு வெந்தய வாசம் வந்தது.
உம்சிண்டோவில் நாத்தனார் கொடுத்துவிட்ட மாங்காய் ஊறுகாய்.
பக்கத்து இருக்கையில்
பெல்ட் போட்டு உட்கார்த்தி வைத்திருந்தேன் ஜாடியை.
அவன் விரலால் தொட்டு, முகர்ந்து,
சிரிக்கலாமா என்று என்னைப் பார்த்தான்.
சிரி என்று சொல்ல வாயெடுத்தேன்,
பற்கள்தான் அடித்துக்கொண்டன.

படிவம் வந்திருக்கிறது.
காற்றின் திசை: தொண்ணூறு பாகை.
வேகம்: பதினெட்டு நாட், வீச்சில் இருபத்தைந்து.
பெயர்: தவமணி மூட்லி.
பறந்த மணிநேரம்: இருநூற்றுப் பதினொன்று.
காரணம் என்பதற்கு
ஒரே ஒரு வரி இடம்.

குறுக்குக் காற்று என்று எழுதச் சொல்கிறான்
விமானத்தில் பாதிப் பங்குள்ள கொழுந்தன் சின்னப்பன்.
பொய்யில்லை.
காற்று அங்கேதான் இருந்தது,
கேட்டால் மறுக்காது.

ஐந்து லிட்டரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
பேனாவைத் திறக்கிறேன், மூடுகிறேன்.
யாரோ இருமல் மருந்துக்கு நோட்டை நீட்டுகிறார்கள்.
பாக்கியை எண்ணிக் கொடுக்கையில்
கல்லாவுக்குக் கீழே
இடது கால் தானாக உதைக்கிறது,
இப்போது
மிகச் சரியான நேரத்தில்.