ஒன்று பத்துக்கு

அளவு கேட்டார் செவ்வாய்ப்பேட்டை வெல்டர் அம்மாசி.
இரண்டு கையையும் அகட்டிக் காட்டினேன்.
"நாய் வளருமே?" என்றார்.
அதை நாங்கள் யோசித்திருக்கவில்லை.
"கூண்டையும் வளர்ற மாதிரி செஞ்சு குடுங்க" என்றான் மாதையன்.
அம்மாசி சிரிக்கவில்லை.
நடுவில் ஒரு தடுப்பு வைத்துக் கொடுத்தார்,
நாய் வளர வளர நகர்த்திக்கொள்ள.

வெள்ளையாய், உருண்டையாய்,
கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு போவதால்
ஜவ்வரிசி என்று பெயர்.
பிறந்து அறுபத்தொரு நாள்.
"மூணு மணி நேரம் அடக்கும், அதுக்கு மேல பாவம்"
என்றார் கால்நடை டாக்டர்.

மாதையனுக்கு முதல் ஷிப்ட்.
இரும்பாலை பஸ் ஐந்தே காலுக்கு,
திரும்புவது இரண்டரைக்கு.
எனக்கு ஐந்து ரோட்டில் கூட்டுறவு வங்கி.
எட்டு ஐம்பதுக்கு வண்டியை எடுத்தால்
சாப்பாட்டு நேரத்தில், ஒன்று பத்துக்கு, வந்து பார்க்கலாம்.
எப்படிக் கூட்டினாலும்
ஒரு மணி இருபது நிமிடம் உதைத்தது.
அந்த ஒரு மணி இருபது நிமிடத்துக்காகத்தான்
கூண்டுக்குள் நான்கு அடுக்குப் பழைய பேப்பர்.

நான் காசாளர்.
மூன்று பக்கம் கம்பிவலை, ஒரு தாழ்ப்பாள்,
பணம் தள்ள ஒரு சந்து.
ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது என்று
முதல் நாளே முடிவு செய்துவிட்டேன்.
எனக்குச் சம்பளம் உண்டு. பதினொரு மணிக்கு டீ வரும்.
தாழ்ப்பாள் என் பக்கம்.

பன்னிரண்டு மணிக்கு
வெள்ளைக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள்.
ஐந்து ரோட்டுக்குக் கேட்காது.
ஜாகீர் அம்மாபாளையத்தில் எங்கள் ஜன்னல் கண்ணாடி
ஒரு தரம் நடுங்கி அடங்கும்.
பன்னிரண்டுக்கு எந்தக் கட்டை எண்ணிக்கொண்டிருந்தாலும்
எனக்கு எண்ணிக்கை தவறும்.
எச்சில் தொட்டு மறுபடி ஒன்றிலிருந்து.

மாடியில் ஜெசிந்தா.
பெரியாஸ்பத்திரியில் இரவுப் பணி,
பகல்தான் அவளுக்கு ராத்திரி.
திங்கட்கிழமை செய்தி அனுப்பினாள்:
"9.02 ஆரம்பம். 9.47 முடிவு. 12 மணி வெடிக்கு மறுபடியும்."
மன்னிப்புக் கேட்டேன்.
கட்டைவிரல்கூடத் திரும்பி வரவில்லை.
செவ்வாய்: "31 நிமிடம்."
புதன்: "14. ஊளை இல்லை, முனகல் மட்டும்."
கட்டிலில் தொங்கும் அட்டையை நிரப்பிப் பழகிய கை.
வியாழன்: "4."
காய்ச்சல் இறங்கிய வீடுபோல அன்றைக்கு
இரண்டு பேரும் தட்டுவடை செட் வாங்கித் தின்றோம்.
ஜவ்வரிசிக்கு ஒரு துண்டு கேரட்,
கூண்டுக்குள் வைத்து, கதவைத் திறந்தே போட்டு.
தானாகப் போய்த் தின்றது.
தானாகத்தான் போகிறது என்று
மாதையன் இரண்டு தடவை சொன்னான்.

வெள்ளிக்கிழமை பத்து வரை ஒன்றும் வரவில்லை.
பத்தரைக்கு:
"அழவே இல்லை.
எனக்குத் தூக்கம் வரவில்லை.
போய்ப் பார்க்கட்டுமா?"
சந்துக்கு அந்தப் பக்கம் ஒருவர்
நகைக்கடன் வட்டியோடு நின்றார்.
மேசைக்கடியில் ஒரு கையால் தட்டினேன்:
சாவி மீட்டர் பெட்டிக்குள்.
பிறகு அவளிடமிருந்து ஒரு எழுத்தும் இல்லை.
பன்னிரண்டுக்கு இரண்டு கட்டு தவறியது.

ஒன்று ஐந்துக்கே வந்துவிட்டேன்.
எப்படி என்று கேட்க வேண்டாம்,
வழியில் சிக்னல்கள் இருக்கின்றன.

கூண்டின் கதவு திறந்திருக்கிறது.
அம்மாசி வைத்த தடுப்பு
கழற்றிச் சுவரில் சாய்த்திருக்கிறது.
தலையும் ஒரு தோளும் உள்ளே,
மீதி ஜெசிந்தா வெளியே, தரையில்.
வாய் லேசாகத் திறந்து தூங்குகிறாள்.
அவள் கழுத்துக்கும் கம்பிக்கும் நடுவில்
வெள்ளையாக ஒன்று ஏறி இறங்குகிறது.
பேப்பர் காய்ந்தே இருக்கிறது.

கையில் கயிற்றோடு நிற்கிறேன்.
இப்போது வெளியே கூட்டிப் போகாவிட்டால்
எல்லாம் அவள் மேல்தான்.
ஒன்று நாற்பதுக்கு நான் கிளம்பியாக வேண்டும்.
அவளுக்கு இது நடுராத்திரி.
நாயை மட்டும் எப்படி எழுப்புவது?