முப்பத்தெட்டு மில்லிகிராம்

விகோவில் மழை. இரவு ஷிப்ட்.
தகர மூடிகள் ஒவ்வொன்றாய் வந்து அமர்கின்றன,
சுழல்கின்றன, எழுந்து போகின்றன,
கடைசிப் பந்தியில் பஸ்ஸுக்கு நேரமானவர்கள் போல.

சுழலும் விளிம்புக்கு மேலே ஒரு மூக்கு.
மூக்குக்குள் ஊசி.
கம்பிச்சுருளில் மின்சாரம் வந்தால் எழும்,
போனால் விழும்.
நடுவில் கிடைத்த பொழுதில்
சாம்பல்நிற ரப்பர்ப்பால் இறங்கி
மூடியின் மடிப்புக்குள் இரண்டு சுற்று ஓடித்
தன் வாலைத் தானே கொஞ்சம் மிதித்து நிற்கும்.

ஐம்பத்தெட்டு மில்லிநொடி.
இமைத்தால் ஒரு மாத்திரை,
புள்ளி வைத்த எழுத்துக்கு அரை,
குறுகிப்போன மகரத்துக்குக் கால்.
அதற்குக் கீழே நம் இலக்கணம் இறங்கியதில்லை.
ஊசி இறங்குகிறது.

உலர்ந்த பின் மூடிக்கு முப்பத்தெட்டு மில்லிகிராம் ரப்பர்.
முப்பத்துநாலுக்குக் கீழே போகக்கூடாது.
பிறகு எங்கோ ஒரு மட்டி ஆலையில்
உருளைகள் மூடியையும் டப்பாவையும்
ஐந்து அடுக்காய் மடித்து நெரிக்கும்போது
தகரமும் தகரமும் ஒத்துக்கொள்ளாத இடங்களில்
அது போய் உட்காரும்.
டப்பாவைத் திறப்பவர் அதைப் பார்ப்பதில்லை.

மூன்று மணி நாற்பது.
சபேலா தராசில் ஒரு மூடி வைத்தாள். முப்பத்துமூன்று.
இன்னொன்று. முப்பத்துமூன்று.
இன்னொன்று.
சிவப்புப் பொத்தானை அடித்தாள்.
அத்தனை சத்தமும் நின்றதும்
கூரையில் மழை பெய்வது தெரிந்தது.

ப்ரெய்ஷோ கருவிப்பெட்டியோடு வந்தான்.
ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து
முனையை மூக்கின் மேல் ஊன்றி
ஊசியைத் தட்டச் சொல்லிக் கேட்டான்.
டிக். டிக். டிக்.
"நல்லாத்தான் அடிக்குது" என்றான்,
ஆனாலும் சுருளை மாற்றினான்.
முப்பத்துமூன்று.
ஊசியை மாற்றினான்.
முப்பத்துமூன்று.
திரையில் ஒரு தப்பும் இல்லை,
பச்சை விளக்கு பச்சையாகவே எரிந்தது.

"நாலு மில்லிநொடி கூட்டிடலாம்" என்றான்.
"எடை வந்துடும். வீட்டுக்குப் போகலாம்."

கூட்டலாம். வரும்.
இதற்குள் உறையேறிப் போன பதினோராயிரம் மூடிகளுக்கு
யார் போய்க் கூட்டுவது?

அவள் குழாயைப் பிடித்துப் பார்த்தாள்.
பனிக்காலத்துக் கைப்பிடிக் கம்பி மாதிரி இருந்தது.
குழாயோடு நடந்தாள், பீப்பாய் வரை.
பீப்பாயும் சில்லென்று.
அதற்குப் பின்னால் சரக்குக் கதவு,
ஒரு முழம் திறந்து,
கடல்காற்று நேராக உள்ளே.
குளிரில் கெட்டியான பால்
அதே ஐம்பத்தெட்டுக்குள் குறைவாகவே வழிந்திருக்கிறது.
ஊசி சொன்ன சொல் தவறவில்லை.

இரண்டு மணிக்கு
அம்மோனியா நெடி தாங்காமல்
அந்தக் கதவைத் தூக்கியவள் அவள்தான்.
நங்கூரமிட்ட படகுகளின் விளக்குகளை
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
வந்துவிட்டாள்.

ப்ரெய்ஷோ கதவைப் பார்த்தான்.
அவளைப் பார்த்தான்.
பிறகு தன் ஸ்பேனர்களைத்
தேவைக்கு மேல் நேரம் எடுத்துத் துடைத்தான்.
"காத்துலகூடத் திறந்திருக்கும்" என்றான்.
இரும்புக் கதவு. எண்பது கிலோ.

பதிவேட்டில் காரணம் என்ற கட்டம்
நான்கு விரல் அகலம்.
சபேலா எழுதினாள்:
பீப்பாய் குளிர்ந்தது. கதவு.
பேனாவை எடுத்துவிட்டாள்.
பிறகு சேர்த்தாள்:
திறந்தது நான். சபேலா ஓத்தெரோ, 02.00.
கட்டம் போதாமல் கடைசிச் சுழியம்
அடுத்த ஷிப்டின் இடத்தில் விழுந்தது.

பதினோராயிரத்துக்கும் சிவப்பு அட்டை கட்டினார்கள்.
அதற்கு ஒரு மணி நேரம் ஆனது, இருவரும் பேசவில்லை,
ஒருமுறை அவன் மட்டும் கயிறு கேட்டான்.

பீப்பாய்க்குச் சூடு ஏற வேண்டும்.
அவள் போய்க் கதவை இறக்கினாள்.
நெடி திரும்ப வந்து
கண்ணைக் கரித்தது.